மரத்தின் விலையும் பாக்கியின் விலையும்

நம் இதழின் பக்கங்கள் பெரும்பாலும் ஜி.எஸ்.டி., எடை அளவு முத்திரை, உணவுப் பாதுகாப்பு உரிமம் என்றே நிறைந்துவிடுகின்றன. அவை வேண்டியவைதான். இந்த மாதம் சற்றே வழி விலகி, இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்திலும் பிரான்சிலும் செய்த மர சாமான்களைப் பற்றி எழுதுகிறோம். மளிகைக் கடைக்காரருக்கு மேஜை நாற்காலி வரலாறு எதற்கு என்று கேட்கலாம். படிக்கப் படிக்க எங்களுக்குத் தெரிந்தது இதுதான்: இந்த வரலாற்றில் உளியும் இழைப்புளியும் பாதி, கொள்முதலும் சுங்கமும் கடன் பாக்கியும் மீதிப் பாதி. அந்த மீதிப் பாதி நமக்கு நன்றாகப் பழகிய சங்கதி.

ஒரு பில்லில் இருந்து தொடங்குவோம். 1773-ம் ஆண்டு நவம்பரில் லண்டன் செயின்ட் மார்ட்டின்ஸ் லேன் தெருவில் கடை வைத்திருந்த தாமஸ் சிப்பெண்டேல், யார்க்‌ஷயரில் உள்ள ஹேர்வுட் மாளிகைக்கு ஓர் அலங்கார அலமாரியை அனுப்பி 86 பவுண்டு என்று பில் போட்டார். வெளிர் மஞ்சள் மரத்தில், தந்தம் பதித்து, டயானா, மினர்வா என்ற இரண்டு ரோமானியப் பெண் தெய்வங்களின் உருவம் வைத்த அலமாரி. அது இன்றும் அதே மாளிகையில் இருக்கிறது. அந்த மாளிகையின் சொந்தக்காரர் எட்வின் லாசெல்ஸ். அவர் குடும்பத்துப் பணம் பார்படோஸ் தீவின் சர்க்கரையிலும் அடிமை வியாபாரத்திலும் வந்த பணம். அலமாரிக்கு மரம் வந்ததும், அதை வாங்கப் பணம் வந்ததும் ஏறக்குறைய ஒரே கடல் வழியில்தான்.

இந்தப் பாணியை நியோ கிளாசிக்கல் என்கிறார்கள். பழைய கிரேக்க, ரோமானிய அழகைப் புதுப்பித்த பாணி என்று பொருள். இத்தாலியில் எரிமலைச் சாம்பலுக்குள் புதைந்து கிடந்த ஹெர்குலேனியத்தை 1738-லும் பாம்பேயை 1748-லும் தோண்டத் தொடங்கினார்கள். அங்கே கிடைத்த தூண், ஜாடி, பூமாலை, சுவர்ச் சித்திரம் எல்லாம் ஐரோப்பாவைப் பைத்தியமாக்கின. ராபர்ட் ஆடம் என்ற ஸ்காட்லாந்துக் கட்டடக் கலைஞர் 1754-ல் புறப்பட்டுப் போய், இத்தாலியில் படித்துவிட்டு 1758-ல் திரும்பினார். அதன் பிறகு இங்கிலாந்தில் வளைந்த கால் போய் நேர்க்கால் வந்தது. கனத்த செதுக்கல் குறைந்து மெல்லிய பதிப்பு வேலை வந்தது. அதற்கு வேறு மரம் வேண்டியிருந்தது.

அக்ரூட்டில் இருந்து மகோகனிக்கு

அதற்கு முன் ஐரோப்பாவில் உயர்ந்த சாமானுக்கு வால்நட் மரம்தான். நாம் பொட்டலம் போட்டு விற்கும் அக்ரூட் பருப்பு காய்க்கும் அதே மரம். 1709-ம் ஆண்டுக் கடும் குளிரில் பிரான்சின் வால்நட் மரங்கள் ஏராளமாகப் பட்டுப்போயின. 1721-ல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. அமெரிக்கக் கண்டத்திலும் மேற்கிந்தியத் தீவுகளிலும் உள்ள தன் குடியேற்றங்களில் இருந்து வரும் மரத்துக்கு இறக்குமதித் தீர்வை இல்லை என்றது. கப்பல் கட்ட மரம் வரட்டும் என்பதுதான் நோக்கம். ஜமைக்காவில் இருந்து மகோகனி வந்து குவிந்தது அதன் பக்க விளைவு. சட்டம் போட்டவர் ஒன்றை நினைக்க, சரக்கு வேறொன்றாக வந்து இறங்குவதை நாமும் எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம்.

மகோகனி நம் வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. பெருமரம். ஒரே பலகையில் அகலமான மேஜைத் தட்டு எடுக்கலாம். காய்ந்த பின் எளிதில் வளையாது, முறுக்காது. பூச்சி சுலபத்தில் தொடாது. மெருகு ஏற ஏறச் செம்பழுப்பு நிறம் ஆழமாகும். பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்து சாப்பிடும் மேஜை அங்கே வீட்டுக்கு வீடு வந்ததற்கு இந்த மரமும் ஒரு காரணம்.

ஜமைக்காவில் கடலோரமாகவும் ஆற்றோரமாகவும் இருந்த மரங்கள் சில பத்தாண்டுகளிலேயே தீர்ந்தன. உள்ளே போய் வெட்ட, இழுத்து வரும் கூலி ஏறியது. பிறகு கியூபா, ஹிஸ்பனியோலா தீவுகளின் மரம் வந்தது. அதன் பிறகு இன்று பெலிஸ் என்று அழைக்கப்படும் ஹோண்டுராஸ் கரைப் பக்கத்து மரம். அங்கே மகோகனி வெட்டும் உரிமையை 1786-ல் ஸ்பெயினுடன் செய்த உடன்படிக்கையில்தான் பிரிட்டன் எழுத்தில் பெற்றது. ஹோண்டுராஸ் மரம் எடை குறைவு, நிறம் வெளிர். ஜமைக்கா மரம் கனமானது, நெருங்கிய இழை உடையது. பெயர் ஒன்று, தரம் மூன்று. குண்டூர் மிளகாய் என்று சொல்லி வரும் மூட்டைகளைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்த வெட்டு வேலையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆகஸ்ட் மாதத்தில் மகோகனி இலை மஞ்சளும் சிவப்புமாக மாறும். காட்டறிவு மிக்க ஒருவர் உயர்ந்த மரத்தின் உச்சியில் ஏறி, கண்ணுக்கு எட்டிய காட்டில் அந்த நிறம் எங்கே தெரிகிறது என்று பார்த்து, இறங்கி வந்து வழி காட்டுவார். மகோகனி கூட்டமாக வளராது; இங்கொன்று அங்கொன்றாக நிற்கும். மேடை கட்டி அதில் நின்று வெட்டுவார்கள். கோடையில் பகல் வெயில் மாடுகளுக்குத் தாங்காது என்று இரவில் தீப்பந்தம் பிடித்து ஆற்றங்கரைக்கு இழுத்து வருவார்கள். மழை இறங்கி ஆறு பெருகியதும் கட்டைகள் கடலை நோக்கி மிதந்து போகும். இத்தனையும் செய்தவர்கள் ஆப்பிரிக்காவில் இருந்து பிடித்து வந்து விற்கப்பட்ட அடிமைகள். பிரிட்டிஷ் குடியேற்றங்களில் அடிமை முறை 1834-ல்தான் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. லண்டனில் பில் எழுதியவரின் கணக்கில் மரத்தின் விலை இருந்தது. மரத்தை வெட்டியவனின் கூலி என்று ஒரு வரி எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை.

வெளிர் மரமும் கறுப்பு மரமும்

ஆடம் பாணிக்கு வெளிச்சமான மரம் தேவைப்பட்டது. சாட்டின்வுட் என்ற மஞ்சள் மரம் 1770-களில் மோஸ்தருக்கு வந்தது. சாட்டின் துணி போல மினுமினுக்கும் என்பதால் அந்தப் பெயர். முதலில் வந்தது மேற்கிந்தியத் தீவுகளின் மரம். அதன் பின்னர் கிழக்கில் இருந்து இன்னொரு சாட்டின்வுட் போய்ச் சேர்ந்தது. அது நம் மரம். இலங்கையில் முதிரை என்றும், இங்கே வறண்ட மலைப் பகுதிகளில் பொரசு என்றும் சொல்வார்கள். (சிவப்பாகப் பூக்கும் புரசு வேறு, இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) எலுமிச்சை, வில்வம் இவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. யாழ்ப்பாணத்து வீடுகளில் முதிரைக் கதவு என்றால் இன்றும் ஒரு மதிப்பு உண்டு. தாவர நூலார் ராக்ஸ்பர்க் முதலில் இதை மகோகனிக்கு உறவு என்று எண்ணி அந்த இனத்திலேயே சேர்த்துப் பெயர் வைத்தார். பிறகு வேறு இனம் என்று கண்டு மாற்றினார்கள். ஆனாலும் மகோகனியின் தாவரப் பெயர் இன்றுவரை இதன் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

1796-ல் இலங்கைக் கடற்கரைப் பகுதிகள் பிரிட்டிஷார் கைக்கு வந்த பிறகு கருங்காலியும் முதிரையும் போவது சுலபமாயிற்று. கூடவே போன இன்னொரு மரத்துக்கு இங்கிலாந்தில் கோரமண்டல் என்று பெயர். சோழமண்டலம் என்ற சொல் ஐரோப்பியர் வாயில் பட்ட பாடு அது. மரம் வளர்ந்தது இலங்கைக் காட்டில். பெயர் மட்டும் நம் கடற்கரையுடையது. பழுப்பும் கறுப்புமாக வரி ஓடிய அந்த மரத்தைப் பெட்டிகளுக்கும் மேஜை ஓரங்களுக்கும் வைத்து வைத்தே 19-ம் நூற்றாண்டில் கிட்டத்தட்ட தீர்த்துவிட்டார்கள்.

விலை ஏறிய சரக்கு என்றால் போலியும் கூடவே வரும். கருங்காலி கிடைக்காத இடத்தில் பேரி மரத்துக்குக் கறுப்புச் சாயம் ஏற்றினார்கள். இன்று நம் ஊரில் கருங்காலி மாலைக்குக் கிராக்கி வந்ததும் சாயம் போட்ட மணிகள் கலந்து வருகிறதே, அந்தக் கதைதான். சாம்பல் பச்சை நிறத்தில் ஹேர்வுட் என்று ஒரு மரம் அந்தக் காலச் சாமான்களில் பேசப்படும். (மேலே சொன்ன மாளிகைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.) அப்படி ஒரு மரம் காட்டில் கிடையாது. சிக்கமோர் என்ற வெள்ளை மரத்தை அன்னபேதிக் கரைசலில் ஊறவைத்தால் அந்த நிறம் வரும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சிய காலம் நம்மில் மூத்தவர்களுக்குத் தெரியும். நாட்டு மருந்துக் கடையில் இன்றும் விற்கும் அதே உப்புதான். இதைக் கலப்படம் என்று சொல்ல மனம் வரவில்லை. வாங்குகிறவருக்கும் தெரிந்தே செய்த வேலை அது.

பூவும் இலையுமாகப் பதிப்பு வேலை செய்யும்போது நிழல் விழுவது போலக் காட்ட வேண்டும். அதற்கு வர்ணம் பூசவில்லை. இரும்புச் சட்டியில் மணலைக் காய்ச்சி, மெல்லிய மரத்தகட்டின் ஓரத்தை அதில் சற்று நேரம் நுழைத்து எடுத்தார்கள். நுழைந்த ஓரம் கருகிப் பழுக்கும். உள்ளே போகப் போக நிறம் மங்கும். கடலை வறுக்கிறவரின் மணல் சட்டிதான், வேறு ஒன்றும் இல்லை.

சிப்பெண்டேல் கணக்கு

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். சிப்பெண்டேல் 1718-ல் யார்க்‌ஷயரின் ஓட்லி என்ற சிற்றூரில் பிறந்தவர். 1754-ல் தன் மாதிரிகளைப் படங்களாக அச்சிட்டுப் புத்தகம் வெளியிட்டார். அந்தத் தொழிலில் இருந்து அப்படி ஒரு பெரிய மாதிரிப் புத்தகம் அதற்கு முன் வந்ததில்லை. விளம்பரம் என்றால் அதுதான் விளம்பரம். நல்ல கடை, நல்ல கைகள், பெரிய வீட்டு வாடிக்கைகள். அடுத்த ஆண்டே, 1755-ல், பட்டறையில் தீப்பிடித்து 22 தொழிலாளிகளின் கருவிப் பெட்டிகள் எரிந்தன. அதையும் தாண்டி எழுந்தார்.

கைத்திறன் அவருடையது. முதல் போட்டவர் ஜேம்ஸ் ரானி என்ற ஸ்காட்லாந்துக்காரர். 1766 தொடக்கத்தில் ரானி இறந்தார். கூட்டாளி இறந்தால் அவர் வாரிசுகள் பங்கைக் கேட்பார்கள், கேட்டார்கள். அந்த ஆண்டே கடைச் சரக்கை ஏலத்தில் விற்க வேண்டிவந்தது. பின்னர் ரானியிடம் கணக்குப்பிள்ளையாக இருந்த தாமஸ் ஹெய்க் கூட்டாளி ஆனார். கணக்குப்பிள்ளை கூட்டாளி ஆன பின்னும் கணக்கு நேராகவில்லை. ஏன் என்றால் ஓட்டை கடைக்குள் இல்லை, வாடிக்கையில் இருந்தது.

ஹேர்வுட் மாளிகைக்கு மட்டும் அவர் செய்து கொடுத்த வேலை பத்தாயிரம் பவுண்டுக்கு மேல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நாஸ்டெல் பிரையரி என்ற இன்னொரு மாளிகைக்கு 1766-ல் இருந்து சாமான் கொடுத்தார். அங்கே அவர் கொடுத்த சாமான்களில் அரசர்களும் ஆசைப்படும் மேஜைகள் உண்டு. சமையலறையில் கறி வெட்டும் எல்ம் மரக் கட்டை ஒன்றும் உண்டு. பெரிய வீட்டு வாடிக்கை என்றால் கட்டையும் கொடுக்கத்தான் வேண்டும். அந்த வீட்டுப் பிரபுவுக்குப் பணம் கேட்டு சிப்பெண்டேல் எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. மிகப் பணிவான கடிதங்கள். பிரபுவின் பதிலில் சாமான் தாமதம் என்ற கோபம் இருக்கிறது, பணம் இருப்பதில்லை. ஒரு பக்கம் மர வியாபாரி நிற்கிறார், இன்னொரு பக்கம் சனிக்கிழமைக் கூலிக்குத் தொழிலாளி நிற்கிறார், பிரபுவோ வருடக் கணக்கில் பேசாமல் இருக்கிறார். கேட்டால் கௌரவக் குறைச்சல். அடுத்த ஆர்டர் போய்விடும்.

எங்கள் மண்டியிலும் ஒரு பெரிய வீட்டுக் கணக்கு இருந்தது. கல்யாணத்துக்கு அரிசி, பருப்பு, எண்ணெய், வெல்லம் எல்லாம் வண்டி வண்டியாகப் போயிற்று. கேட்காமலே தந்துவிடுவார்கள் என்று இரண்டு தீபாவளி காத்திருந்தோம். மூன்றாவது தீபாவளிக்கு முன் நேரில் போனபோது காப்பி கொடுத்தார்கள், பிள்ளைகளின் படிப்பை விசாரித்தார்கள், பந்தியில் சாம்பார் நன்றாக இருந்தது என்று எல்லாரும் சொன்னதாகவும் சொன்னார்கள். அந்தப் பாக்கியை வராக்கடனில் எழுதியபோது எங்களுக்கு இருந்த கோபம், அவர்கள் மேல் பாதி, சரக்கு ஏற்றிய அன்று வாய் திறக்காத எங்கள் மேல் பாதி.

நெருக்கடியில் மனிதன் குறுக்கு வழியும் பார்ப்பான். 1769-ல் பிரான்சில் இருந்து அறுபது முடிக்கப்படாத நாற்காலிச் சட்டங்களைக் குறைந்த மதிப்புக் காட்டிக் கொண்டுவந்தார் என்று சுங்கத்தார் சிப்பெண்டேலின் சரக்கைப் பறிமுதல் செய்தனர். உலகமே பெயர் சொல்லும் கலைஞர் இப்படியா என்று வருந்துகிறவர்கள் உண்டு. கடை நடத்தாதவர்களுக்கு அது எளிது. செய்தது தவறுதான், சந்தேகம் இல்லை. அந்த ஆண்டுகளில் அவர் வர வேண்டிய பாக்கியை எண்ணியபடி தூங்கியிருப்பார் என்பதையும் சேர்த்துச் சொல்கிறோம்.

1779-ல் காசநோயில் இறந்தார். அதே பெயர் கொண்ட மகன் கடையை ஏற்றார். அவரும் நல்ல கைகாரர். 1796-ல் ஹெய்க் விலகினார். 1804-ல் மகன் திவாலானார். சரக்கு ஏலம் போயிற்று. 2010 டிசம்பரில் லண்டன் ஏலத்தில், சிப்பெண்டேல் செய்தது என்று கருதப்படும் ஓர் அலமாரி சுமார் 38 லட்சம் பவுண்டுக்கு விலை போனது.

லங்காஸ்டர் கடை

இதே காலத்தில் இங்கிலாந்தின் வடமேற்கில், லங்காஸ்டர் துறைமுகத்தில், ராபர்ட் கில்லோ என்ற தச்சர் 1730 வாக்கில் கடை தொடங்கினார். இவருக்கு சிப்பெண்டேல் போல உச்சியில் பெயர் இல்லை. ஆனால் இவர் தச்சர் மட்டும் அல்ல, சரக்கு வியாபாரி. மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போகும் கப்பலில் தன் மேஜை நாற்காலிகளை ஏற்றி அனுப்புவார். அங்கே விற்ற பணத்துக்குச் சர்க்கரையும் ரம் சாராயமும் மகோகனியும் திரும்பி வரும். சர்க்கரையையும் ரம்மையும் உள்ளூரில் விற்பார்; மகோகனியைத் தன் பட்டறையில் இறக்குவார். போகும் கப்பலிலும் லாபம், வரும் கப்பலிலும் லாபம், மூலப்பொருளுக்கு இடைத்தரகு இல்லை. அந்த லாபத்தின் அடியிலும் அடிமைகளின் உழைப்புதான் இருந்தது; வியாபாரத் திறமையைச் சொல்லும்போது அதை மறைத்துச் சொல்வது சரியல்ல.

மகன் ரிச்சர்டு கட்டடம் வரையவும் தெரிந்தவர். 1764-ல் லங்காஸ்டர் சுங்க மாளிகையின் வரைபடம் அவர் போட்டதுதான். 1769 வாக்கில் லண்டனில் இன்று ஆக்ஸ்போர்டு தெரு என்று சொல்லும் சாலையில் கிளை திறந்தார்கள். சாமானை லங்காஸ்டரிலேயே செய்து கடல் வழியாக லண்டனுக்கு அனுப்பினார்கள். அங்கே கூலி குறைவு. 1800-ல் நீட்டிச் சுருக்கும் சாப்பாட்டு மேஜைக்கு ரிச்சர்டு காப்புரிமையும் வாங்கினார்.

எங்களுக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது அவர்கள் கணக்குப் புத்தகம். 1780-களில் இருந்து ஒவ்வொரு சாமானுக்கும் சிறு படம் வரைந்து, பக்கத்திலேயே எந்த மரம், எவ்வளவு, ஆணி, பசை, பூட்டு என்ன விலை, எந்தத் தொழிலாளி செய்தார், கூலி எவ்வளவு என்று எழுதி வைத்தார்கள். ஒரு டிராயரின் அடிப்பலகை வரை கணக்கு. அடுத்த முறை அதே சாமானுக்கு ஆர்டர் வந்தால் விலை சொல்லத் தடுமாற வேண்டாம். அந்தப் புத்தகங்கள் இன்று லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 1814 வாக்கில் குடும்பம் விலகிய பின்னும் கடையின் பெயர் நின்றது. 19-ம் நூற்றாண்டின் இறுதியில் வாரிங் என்ற நிறுவனத்தோடு சேர்ந்து 20-ம் நூற்றாண்டிலும் நடந்தது.

பிரான்சைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். அங்கே தச்சர் சங்கம் கண்டிப்பானது. சாமான் செய்தவர் தன் பெயரை அடியில் முத்திரை அடிக்க வேண்டும். சங்கம் தரம் பார்த்துத் தன் முத்திரையையும் வைக்கும். இன்று பழம்பொருள் வாங்குகிறவர்களுக்கு அது பெரிய துணை. அரச வீட்டுக்குச் சாமான் செய்த ரீசெனர் என்பவர் அந்தத் துறையில் முதல்வர். பிரேசிலின் இளஞ்சிவப்பு வரி மரம், கயானாவின் ஊதா மரம், பிறகு மகோகனி என்று உலக மரங்களைக் கையாண்டார். புரட்சி வந்தது. 1793 ஆகஸ்டில் இருந்து 1794 ஆகஸ்ட் வரை வெர்சாய் அரண்மனைச் சாமான்கள் பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட லாட்டுகளாக ஏலம் போயின. ரீசெனர் தான் செய்தவற்றையே மலிவாகத் திரும்ப வாங்கினார், விலை ஏறும் என்று. வாங்கக்கூடிய வாடிக்கைகள் நாட்டை விட்டே ஓடியிருந்தார்கள். சரக்கு தேங்கி முதல் போயிற்று. அதன் பின் 1806-ல் நெப்போலியன் பிரிட்டிஷ் வணிகத்துக்குத் தடை போட்டபோது மகோகனி வரத்துக் குறைந்தது. மேப்பிள், ஆஷ், எல்ம் என்று உள்ளூர் வெளிர் மரங்களுக்குத் திரும்பினார்கள். தட்டுப்பாட்டுக்கு வந்த மரமே பத்து ஆண்டில் நாகரிகமாகிவிட்டது. மகோகனி திரும்பி வந்த பிறகும் ஜனங்கள் வெளிர் மரமே கேட்டார்கள்.

பெயரை நம்பலாமா?

பழம்பொருள் வியாபாரத்தில் ஹெப்பிள்ஒயிட், ஷெரட்டன் என்ற இரண்டு பெயர் அடிக்கடி காதில் விழும். ஹெப்பிள்ஒயிட் 1786-ல் இறந்தார். அவர் மனைவி ஆலிஸ் 1788-ல் அவர் மாதிரிகளைப் புத்தகமாக வெளியிட்டார். அவர் கையால் செய்தது என்று நிச்சயமாகக் காட்ட இன்று ஒரு நாற்காலி கூடக் கிடையாது. ஷெரட்டன் 1791-ல் இருந்து புத்தகம் போட்டார். நாடு முழுவதும் தச்சர்கள் சந்தா கட்டி வாங்கி அதைப் பார்த்துச் செய்தார்கள். அவர் செய்ததாகவும் உறுதியான சாமான் இல்லை. அவர் வீட்டில் விருந்தினருக்குத் தேநீர் கொடுக்கப் போதுமான கோப்பை இல்லை என்று அவரிடம் சில நாள் வேலை பார்த்த ஒருவர் எழுதியிருக்கிறார். 1806-ல் ஏழையாகவே இறந்தார். ஆகவே ஷெரட்டன் மேஜை என்று ஒருவர் சொன்னால், ஷெரட்டன் புத்தகத்தின் பாணியில் யாரோ செய்தது என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த யாரோ 1795-லும் இருந்திருக்கலாம், 1905-லும் இருந்திருக்கலாம். ஏனென்றால் நூறு வருடம் கழித்து இங்கிலாந்தில் அதே பாணி மறுபடி வந்து, சாட்டின்வுட்டில் வண்டி வண்டியாகச் செய்து தள்ளினார்கள்.

எப்படிப் பார்ப்பது? மரத்தைக் கேட்டால் சொல்லும். மேலே ஒட்டிய மரத்தகட்டின் ஓரம் எங்காவது பெயர்ந்திருந்தால் தடிமனைப் பாருங்கள். கை ரம்பத்தில் அறுத்த பழைய தகடு தடிமனாக இருக்கும், ஒரே சீராகவும் இருக்காது. மார்க் பிரூனல் 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் பாட்டர்சீயில் இயந்திர ரம்பம் வைத்துத் தகடு அறுக்கத் தொடங்கிய பின் தகடு மெலிந்தது. பின்னாளில் கத்தியால் சீவியது காகிதம் போல இருக்கும். அடிப்பலகையில் வட்ட ரம்பத்தின் வில் போன்ற கோடுகள் தெரிந்தால் அது 18-ம் நூற்றாண்டுச் சாமான் அல்ல.

வட்ட மேஜை என்றால் ஒரு டேப் போதும். மரம் இழையின் போக்கில் சுருங்காது, குறுக்கே சுருங்கும். இருநூறு வருட மேஜையை இரண்டு வாக்கிலும் அளந்தால் குறுக்களவு சற்றுக் குறையும். இரண்டும் அச்சாக ஒன்றாக இருந்தால் யோசிக்க வேண்டும். மேல் பாகம் ஒரு சாமானில் இருந்தும் கீழ்ப் பாகம் வேறொன்றில் இருந்தும் எடுத்து ஜோடி சேர்த்து விற்பதும் உண்டு. அங்கே வியாபாரிகள் இதைக் ‘கல்யாணம்’ என்றே சொல்கிறார்கள். இரண்டு பாகத்தின் பின்பலகை மரமும் நிறமும் ஒத்திருக்கின்றனவா என்று சுவரில் இருந்து நகர்த்திப் பார்த்தால்தான் தெரியும். தந்தம் பதித்தது என்று யாராவது இங்கே கொண்டுவந்தால், எவ்வளவு பழையதானாலும் கைநீட்ட வேண்டாம். இந்தியாவில் யானைத் தந்த வியாபாரம் சட்டப்படி முழுவதும் தடை.

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேலே சொன்ன 38 லட்சம் பவுண்டைக் கேட்டு மயங்க வேண்டாம். 2000-க்குப் பிறகு சாதாரண மகோகனிச் சாமானின் விலை இங்கிலாந்தில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. இளையவர்கள் சிறிய வீட்டுக்குக் கனமான பழுப்புச் சாமான் வேண்டாம் என்கிறார்கள். இருநூறு வருடம் உழைத்த டிராயர் அலமாரி, தூளை ஒட்டி அழுத்திய புதுப் பலகை அலமாரியைவிட மலிவாக விற்கும் நாளும் உண்டு. அப்படிப்பட்டவற்றிலும் கில்லோ சாமான் இருந்தால் விலை சற்று நிற்கும். 18-ம் நூற்றாண்டின் இறுதியில் இருந்து அவர்கள் தங்கள் பெயரையும் ஊரையும் சிறிய எழுத்தில் முத்திரை அடித்தார்கள். வெளியே தெரியாது. டிராயரை முழுவதும் வெளியே இழுத்து, அதன் முன்பலகையின் மேல் விளிம்பைத் துடைத்துவிட்டு, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும்.